பள்ளிக் கட்டணமா, இஎம்ஐ-யா? சின்ன வீட்டுக்கு மாறினால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கும். சம்பள ரசீது, படிவம் 16, வங்கிக் கணக்கு விவரம், கார் லோன் இருந்தால் அதன் விவரம், சிபில் ஸ்கோர். பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீதை மட்டும் பொதுவாக யாரும் கேட்பதில்லை.

ஏன் என்றால் வங்கியைப் பொறுத்தவரை அது 'கடன்' இல்லை. கையில் வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிவரை தவணைக்குப் போகலாம் என்று வைத்துத்தான் பல வங்கிகள் உங்கள் தகுதித் தொகையைச் சொல்கின்றன. மீதிப் பாதியில் வீட்டுச் செலவு, அப்பா அம்மாவுக்கு அனுப்புவது, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் வங்கி சொல்லும் தகுதித் தொகையும், ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடிய தொகையும் ஒன்றல்ல. பெங்களூரு, புனே, குருகிராம் என்று வேலைக்குப் போய் வீடு வாங்கிய பல தம்பதிகள், பிள்ளையை எல்கேஜியில் சேர்த்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். அப்போது முதலில் எழும் கேள்வி, "பேசாம 3 பிஎச்கே-வை வித்துட்டு 2 பிஎச்கே-வுக்குப் போயிடலாமா?"

போகலாமா, போனால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பள்ளிக் கட்டணம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது?

தேசிய மாதிரி ஆய்வின் 80-வது சுற்றில், 2025-ல் கல்விச் செலவு பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அதன்படி அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆகும் சராசரி ஆண்டுச் செலவு ரூ.2,863. அரசுப் பள்ளி அல்லாதவற்றில் ரூ.25,002. இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம், "எங்க ஸ்கூல்ல ஒரு டெர்முக்கே இது பத்தாது" என்று. இந்தச் சராசரிக்குள் கிராமத்து நர்சரி பள்ளியும் இருக்கிறது, பெருநகரத்துப் பெரிய பள்ளியும் இருக்கிறது. ஐ.டி. பூங்காக்களைச் சுற்றியுள்ள பள்ளிகளின் கட்டணத்தை இந்த எண் காட்டாது.

பணவீக்கத்தின் கதையும் இதேதான். செய்திகளில் வரும் சில்லறைப் பணவீக்கம், 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில், கல்விக்குக் கொடுத்த எடை வெறும் 4.46%. உங்கள் வீட்டு பட்ஜெட்டில் கல்வியின் பங்கு 14 அல்லது 18% என்றால், டிவியில் சொல்லும் பணவீக்கம் உங்கள் வீட்டுப் பணவீக்கம் ஆகாது.

சட்டம் கட்டுப்படுத்தாதா? மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஒருமுறை முடிவான கட்டணத்தை இரண்டு கல்வியாண்டுகளுக்கு மாற்றக்கூடாது. டெல்லி 2025-ல்தான் தனிச் சட்டம் கொண்டுவந்தது. உத்தரப் பிரதேசத்தின் 2018-ம் ஆண்டுச் சட்டம், நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வோடு இன்னும் 5% சேர்த்து ஏற்றிக்கொள்ள இடம் தருகிறது. அதாவது பணவீக்கம் 5% என்றால், சட்டப்படியே ஆண்டுக்கு 10% ஏற்றலாம். நொய்டாவில் இருப்பவர்கள் கவனிக்கவும். கீழே உள்ள கணக்கில் 10% உயர்வை எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாங்ஷன் லெட்டர் இல்லாத இரண்டாவது கடன்

ஒரு மாதிரிக் குடும்பம். கணவன், மனைவி இருவரும் வேலையில். கையில் வருவது மாதம் 1.8 லட்சம். வீட்டுக்கடன் 60 லட்சம், 20 ஆண்டு, வட்டி 8.5%. இன்றைய புதிய கடன்களின் விகிதத்தைவிட இது அதிகம்தான். 20 ஆண்டில் வட்டி ஏறும், இறங்கும் என்பதால் நடுவில் ஒரு எண்ணை எடுத்திருக்கிறேன். இஎம்ஐ ரூ.52,069 வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேர், ஆளுக்கு ஆண்டுக் கட்டணம் 1.5 லட்சம். இரட்டையர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எளிதாகிவிடும்.

கட்டணம் ஆண்டுக்கு 10% ஏறினால், எல்கேஜியில் 1.5 லட்சமாக இருப்பது பிளஸ் டூ-வில் சுமார் 5.2 லட்சம் ஆகும். 14 ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் மொத்தக் கட்டணம் ஏறக்குறைய 42 லட்சம். இரண்டு பேருக்கு 84 லட்சம். அதே 14 ஆண்டில் இஎம்ஐ-யாகக் கட்டுவது 87.5 லட்சம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை! உயர்வு 8% என்று குறைத்துப் போட்டாலும் ஒரு பிள்ளைக்கு 36 லட்சம் ஆகிறது. 12% என்றால் 48 லட்சத்தைத் தாண்டுகிறது.

இதைப் பார்த்துவிட்டு உடனே வீட்டை விற்க ஓட வேண்டாம். சம்பளமும் ஏறுகிறதே. முதல் ஆண்டில் இஎம்ஐ, கட்டணம் இரண்டும் சேர்ந்து சம்பளத்தில் 43%. சம்பளம் ஆண்டுக்கு வெறும் 6% ஏறினாலும், எட்டாவது ஆண்டில் அது 37% ஆகக் குறைகிறது. கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தாலும் இஎம்ஐ அதே இடத்தில் நிற்பதால் இப்படி வருகிறது. "ஃபீஸ் ஏறுது, வீட்டை விக்கணும்" என்ற பயம் எக்செல் ஷீட்டில் பாதி நேரம் நிற்பதில்லை என்பதுதான் என் அனுபவம்.

எக்செல் ஷீட்டில் தெரியாத வேறு இரண்டு விஷயங்கள்தான் குடும்பத்தைப் படுத்துகின்றன. முதலாவது, சம்பளம் ஏறாமல் நிற்பது. நான்கு ஆண்டு ஊதிய உயர்வே இல்லை என்றால் ஐந்தாவது ஆண்டில் அந்த 43%, 49% ஆகிவிடும். இரண்டாவது, ஒரு சம்பளம் நின்றுபோவது. வேலைநீக்கம், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வேலையை விடுவது, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீண்ட விடுப்பு, எதுவாகவும் இருக்கலாம். இந்தக் குடும்பத்தில் தொடக்கத்தில் 80,000 ஆக இருந்த சம்பளம் மூன்றாவது ஆண்டில் நின்றால், இஎம்ஐ-யும் கட்டணமும் சேர்ந்து மீதிச் சம்பளத்தில் 73% ஆகும். மாதம் முப்பதாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பெருநகரத்தில் நான்கு பேர் ஓட்ட வேண்டும்.

அதனால் வீட்டைச் சிறிதாக்கலாமா என்று யோசிப்பவர்கள் கட்டணம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதைவிட, ஒரே சம்பளத்தில் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்று பார்ப்பது பயன்படும். ஆறு மாதச் செலவு கையிருப்பில் இருக்கும் குடும்பமும், கிரெடிட் கார்டில் கட்டணம் கட்டும் குடும்பமும் ஒரே 43%-ல் இருந்தாலும் ஒரே நிலையில் இல்லை.

வட்டி ஏறியபோது நடந்தது

2020-ல் 4% ஆக இருந்த ரெப்போ விகிதம், 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5% ஆனது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர்களின் வட்டி வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, கட்டப்பட்டிருக்கிறது. எனவே இந்த 2.5 புள்ளியும் நேராக அவர்கள் தலையில் இறங்கியது.

பலருக்கு இது தெரியவே இல்லை. இஎம்ஐ மாறவில்லையே! தவணைக்காலம்தான் நீண்டது. 6.7% வட்டியில் 60 லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் ரூ.45,400. பாக்கி கிட்டத்தட்ட 60 லட்சமாகவே இருக்கும்போது வட்டி 9.2% ஆனால், மாத வட்டி மட்டுமே ரூ.46,000. அதாவது கட்டும் தவணை வட்டிக்கே பத்தாது, அசல் குறைவதற்குப் பதில் கூடும். இதற்காகத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்ற தேர்வை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். வட்டியே முழுதாக அடையாத அளவுக்குக் காலத்தை நீட்டக்கூடாது. மீதித் தவணைகள் எத்தனை, அசலில் எவ்வளவு அடைந்தது என்று காலாண்டுக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும்.

அந்த ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். 58 வயதில் முடிய வேண்டிய கடன் 65 வரை நீண்டிருந்தால், பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசும் முன்பு பேச வேண்டியது அதைத்தான்.

2025-ல் திசை மாறியது. ரெப்போ 6.5%-லிருந்து அந்த ஆண்டு முடிவதற்குள் 5.25%-க்கு இறங்கியது. வட்டி குறைந்தால் வங்கிகள் பொதுவாக இஎம்ஐ-யை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கும். நீண்ட காலக் கணக்கில் அது லாபம்தான். ஆனால் கட்டணத்துக்குப் பணம் இழுக்கும் வீட்டுக்கு இப்போது கையில் வேண்டியது ரொக்கம். இஎம்ஐ-யைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கேட்டால் செய்வார்கள். 15 ஆண்டு மீதமிருக்கும் 52.9 லட்சம் பாக்கியில் வட்டி 8.5-லிருந்து 7.5 ஆனால் மாதம் 3,000 ரூபாய் குறையும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஒரு பிள்ளையின் பள்ளி வேன் கட்டணத்துக்கு ஆகும். 2019-க்கு முன் வாங்கிய பழைய கடன் என்றால் ரெப்போவோடு இணைந்த விகிதத்துக்கு மாறலாமா என்றும் கேளுங்கள்.

கட்டணத்தைத் தவணையாக மாற்றித்தரும் 'நோ-காஸ்ட் இஎம்ஐ' திட்டங்களைப் பல பள்ளிகள் இப்போது முன்வைக்கின்றன. வசதிதான். ஆனால் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம், அது உங்கள் பெயரில் ஒரு கடன். சிபிலில் பதிவாகும். ஒரு தவணை தவறினால் அடுத்து வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது அது எதிரில் வந்து நிற்கும்.

சரி, வீட்டை விற்றால்?

மேலே சொன்ன குடும்பம் ஐந்து ஆண்டு கட்டிவிட்டது. கட்டியது 31 லட்சத்துக்கு மேல். அசலில் குறைந்தது 7.1 லட்சம்தான், பாக்கி 52.9 லட்சம். பெங்களூருவில் இருக்கும் அவர்களின் 3 பிஎச்கே-வுக்கு இப்போது 1.1 கோடி கிடைக்கிறது, 75 லட்சத்தில் ஒரு 2 பிஎச்கே பார்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 35 லட்சம். "அப்போ கடன் 18 லட்சமா குறைஞ்சிடும்" என்றுதான் மனசு கணக்குப் போடும்.

நடப்பது வேறு. விற்கும்போது 1% தரகு 1.1 லட்சம். கர்நாடகத்தில் முத்திரைத்தாள் கட்டணம் வரிகளோடு 5.6%, பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1%-லிருந்து 2% ஆனது. ஆக மொத்தம் 7.6%, 75 லட்சத்துக்கு 5.7 லட்சம். வாங்கும்போது தரகு 75,000. கப்போர்டு, கிச்சன், கிரில், பெயின்ட், சாமான் ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்று வைப்போம். பழைய வீட்டின் மாடுலர் கிச்சனைக் கழற்றிக்கொண்டு வர முடியாது. மொத்தம் 11.55 லட்சம். அந்த 35 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. புதிய கடன் 29.45 லட்சம். 15 ஆண்டுக்கு இஎம்ஐ ரூ.29,000.

மாதம் ரூ.23,000, ஆண்டுக்கு 2.77 லட்சம் மிச்சம். இந்தக் குடும்பத்துக்கு ஐந்தாவது ஆண்டில் இரண்டு பிள்ளைகளின் கட்டணம் 4.4 லட்சம். அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் இந்த மிச்சத்திலேயே அடையும். மோசமில்லை.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே வைத்து, வாங்கும் வீட்டின் விலையை மட்டும் 95 லட்சமாக மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் 15 லட்சம், செலவு 13 லட்சத்துக்கு மேல். மிஞ்சுவது இரண்டு லட்சம்கூட இல்லை. ஒரு படுக்கையறையை இழந்து, பிள்ளைகளின் நண்பர்களை இழந்து, கடன் அதே இடத்தில். வீட்டின் அளவைக் குறைத்து ஏரியாவை மட்டும் 'நல்ல ஏரியா'வாக மாற்றுபவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். என் கணக்கில், விலை வித்தியாசம் பழைய வீட்டு மதிப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

நகரமும் முக்கியம். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள், பதிவு இரண்டும் சேர்ந்து 9%. மும்பையில் முத்திரைத்தாள் கட்டணம் 6%, பதிவுக் கட்டணம் 30,000 ரூபாய்க்கு மேல் போகாது. கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வாங்கினால் பொதுவாக 5% ஜிஎஸ்டி தனி. மலிவு விலை வீடு என்ற வரம்புக்குள் வந்தால் 1%. கட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பணத்தை மிச்சப்படுத்த இடம் மாறுபவர்கள் புது புராஜெக்ட் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

விற்காமலேயே சின்ன வீட்டுக்குப் போகலாமா?

போகலாம், இதை ஏனோ பலர் யோசிப்பதே இல்லை. நம் பெருநகரங்களில் வீட்டு விலையோடு ஒப்பிட்டால் வாடகை குறைவு, ஆண்டுக்கு 3% சுற்றித்தான். அதே 3 பிஎச்கே-வை மாதம் 32,000-க்கு வாடகைக்கு விட்டு, பள்ளிக்குப் பக்கத்தில் 22,000-க்கு 2 பிஎச்கே எடுத்தால் மாதம் 10,000 மிச்சம். ஆண்டுக்கு 1.2 லட்சம், வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் அதைவிடக் குறைவு. விற்பதில் வரும் மிச்சத்தில் பாதிகூட இல்லை. ஆனால் முத்திரைத்தாள் செலவு இல்லை, சம்பளம் சரியானதும் திரும்பிப் போகலாம். கைக்காசு வேண்டியது அட்வான்ஸுக்குத்தான், பெங்களூருவில் அதுவே ஒரு பெருந்தொகை என்பது வேறு கதை.

வரி விஷயத்திலும் இதில் ஒரு சின்ன நன்மை இருக்கிறது. புதிய வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. 80சி-யும் இல்லாததால் அசலுக்கும் பள்ளி டியூஷன் கட்டணத்துக்கும் கழிவு போய்விட்டது. வாடகைக்கு விட்ட வீடு என்றால் அந்த வாடகை வருமானத்தில் 30% நிலையான கழிவும், கடன் வட்டியும் கழித்துக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்தில் ஆண்டு வட்டியே சுமார் 4.5 லட்சம், வாடகை 3.84 லட்சம். வாடகைக்கு வரி வராது. ஆனால் மிச்ச நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, நீங்கள் கொடுக்கும் வாடகைக்கு எச்ஆர்ஏ சலுகையும் இல்லை.

பள்ளியை மாற்றுவது?

வீட்டை மாற்றுவதைவிட இது செலவு குறைந்த வழி, ஆனால் வீட்டில் இந்தப் பேச்சை எடுப்பது கடினம். புதிய பள்ளியில் சேர்க்கைக் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் மறுபடியும் வரும். எனவே ஆண்டுக் கட்டண வித்தியாசம் குறைந்தது இந்த ஒருமுறைச் செலவையாவது தாண்டுகிறதா என்று பாருங்கள். காலமும் முக்கியம். சிபிஎஸ்இ-யில் 9, 11 வகுப்புகளில் பதிவு நடப்பதால், 10-ம் வகுப்பிலும் பிளஸ் டூ-விலும் நேரடியாகப் பள்ளி மாறுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. மாறுவதென்றால் 9-ம் வகுப்பு தொடங்குவதற்குள் மாறிவிட வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. தனியார் நிறுவன ஊழியர்கள் வரிசையின் கடைசியில்தான். டெல்லியில் இருப்பவர்களுக்கு டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இன்னொரு வழி, தமிழும் படிக்கலாம்.

விற்பது என்று முடிவு செய்தால்

வாங்கி 24 மாதத்துக்குப் பிறகு விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம், வரி 12.5%. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20% கட்டும் பழைய வழியையும் ஒப்பிட்டுக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். விற்ற இரண்டு ஆண்டுக்குள், அல்லது விற்பதற்கு ஓர் ஆண்டு முன்பே, இன்னொரு வீடு வாங்கினால் அதற்குச் செலவிட்ட அளவுக்கு ஆதாயத்துக்கு வரி விலக்கு. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. முழு விற்பனைத் தொகைக்கும் வீடு வாங்க வேண்டியதில்லை, ஆதாயத்தின் அளவுக்கு வாங்கினால் போதும். 1.1 கோடிக்கு விற்றதில் ஆதாயம் 25 லட்சம் என்றால், 75 லட்சம் வீடு அதைத் தாராளமாக மூடிவிடும். விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போனால் இந்த விலக்கு இல்லை. சின்ன வீட்டை வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றாலும் விலக்கு திரும்பப் பறிபோகும்.

பழைய வரி முறையில் அசலுக்கு 80சி கழிவு எடுத்திருந்தால் தேதியைப் பாருங்கள். வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால், இதுவரை எடுத்த அந்தக் கழிவு முழுவதும் விற்கும் ஆண்டின் வருமானத்தில் சேர்ந்துவிடும். சில மாதம் பொறுத்தால் தவிர்க்கக்கூடிய செலவு இது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1% டிடிஎஸ் பிடிப்பார். மேலே உள்ள கணக்கில் உங்கள் பணத்தில் 1.1 லட்சம் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்வரை மாட்டிக்கொள்ளும், முன்பணக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும், 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.